இடைக்காலப் பதில்

பொதுமக்களிடமிருந்து வரும் கடிதத்துக்கு உடனே முடிவு சொல்ல இயலாவிட்டால், "தங்கள் கடிதம் கிடைத்தது, விடயம் கவனத்தில் உள்ளது" என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். நான் வேலை பார்த்த அரசாங்கக் கச்சேரியில் இது விதி. இளைப்பாறும் நாள்வரை இந்த விதியை நான் மீறியதில்லை. கவனத்தில் இல்லாத விடயங்களுக்கும், கடிதக் கோவையே காணாமற்போன விடயங்களுக்கும்கூட, கவனத்தில் உள்ளது என்று கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். அப்படியொரு காகிதம் கையில் கிடைத்தவுடன் மனிதர்கள் அடங்கிவிடுவார்கள். மேசையின் இந்தப் பக்கத்தில் இருந்து நான் கற்றது அது. மறுபக்கத்தில் காத்திருப்பது எப்படி என்பதை ஆக்லாந்துக்கு வந்த பிறகே அறிந்தேன். கற்றுத்தந்தது என் நாரி.

யாழ்ப்பாணத்தில் முதுகின் அடிப்பகுதியை நாரி என்போம். என் நாரி பழுதானது ஒரு திங்கட்கிழமை. சேவகன் லீவில் நின்றான். மேலதிகாரி கேட்ட கோவைப்பெட்டியை நானே தூக்கினேன். அது என் கடமைப்பட்டியலில் இல்லாத வேலை. கடமைப்பட்டியலை மீறியவனுக்கு அதற்குரிய தண்டனை கிடைத்தது. இருபது வருடமாக அதை அனுபவித்துக்கொண்டிருந்தேன். காலையில் எழும்பும்போது ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, மறுகையால் நாரியைப் பிடித்து, இரண்டையும் சமாதானப்படுத்தித்தான் நிலத்தில் கால் வைப்பேன்.

1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆக்லாந்தின் கிளென் ஈடனில் இருந்த மகனிடம் வந்தேன். மனைவி வரவில்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த தன் தமக்கை வீட்டில் தங்கினாள். இந்த ஏற்பாடு என்னுடையது. ஒருவர் முன்னே போய் நிரந்தர வதிவிடத்துக்கு இருவர் பெயரிலும் விண்ணப்பிப்பது, அது நிறைவேறியதும் மற்றவர் வருவது. இருவரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திருப்பி அனுப்பப்படுவதைவிட இதுவே முறை என்று அவளுக்கு விளக்கினேன்.

"சரி, நீங்கள் முறையாய்ப் போங்கோ," என்றாள். அவளுடைய குரலில் இருந்ததை நான் அப்போது சம்மதம் என்றே பதிவு செய்தேன்.

விண்ணப்பத்தோடு வைத்தியப் பரிசோதனை அறிக்கையும் கொடுக்க வேண்டும். கிளென் ஈடன் வைத்தியர் நல்ல மனிதர். கட்டிலில் படுக்கச் சொன்னார், படுத்தேன். காலைத் தூக்கச் சொன்னார், ஒன்றைத் தூக்கினேன், மற்றது தூங்கிவிட்டது. எழும்பச் சொன்னபோதுதான் சிக்கல். கடைசியில் வைத்தியரும் தாதியும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, பழைய அலுமாரியை இடம் மாற்றுவதுபோல என்னை நிமிர்த்தினார்கள். படிவத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல் எழுதும் இடத்தில் அவர் எனக்கு நான்கு வரி எழுதினார். தலைகீழாக எழுத்தை வாசிப்பது கச்சேரியில் பழகிய கலை. ஆனாலும் அவர் எழுத்து என்னை வென்றுவிட்டது.

குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் தெளிவாக இருந்தது. நாட்பட்ட கீழ்முதுகு வலி, வலது காலில் பலவீனம். சிகிச்சை பெற்று, குணமடைந்ததாக வைத்திய அறிக்கை வரும்வரை முடிவு ஒத்திவைக்கப்படுகிறது. குணமடைய எடுக்கும் என்று எதிர்பார்க்கப்படும் காலத்தையும் அறியத்தரவும்.

ஒத்திவைப்பு எனக்குப் பழகிய சொல். நிராகரிப்பும் அல்ல, அனுமதியும் அல்ல. கோவையை அலுமாரியின் மேல்தட்டில் வைப்பது. நான் வைத்த மேல்தட்டுக் கோவைகளில் சில நான் இளைப்பாறும்போதும் அங்கேதான் இருந்தன. இப்போது என் கோவையோடு மனைவியின் கோவையும் ஒரே நூலில் கட்டுண்டு கிடந்தது. என் நாரி நிமிர்ந்தால் அவள் வரலாம். நிமிராவிட்டால் நான் அவளிடம் திரும்ப வேண்டும். திரும்பி இருவரும் எங்கே போவது? வீடு யாழ்ப்பாணத்தில், சண்டைக்கு நடுவில். அந்த வருடத்தின் முற்பகுதியில் அங்கே போவதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

ஆசுப்பத்திரியில் எலும்பு நிபுணரைப் பார்க்க வைத்தியர் கடிதம் கொடுத்தார். முறை வரும்போது அறிவிப்பதாகச் சொன்னார்கள். எப்போது என்று கேட்டேன். தொலைபேசியில் கதைத்த பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பு அல்ல, அனுதாபச் சிரிப்பு. அது இன்னும் மோசம்.

மருமகள் மன்னார்ப் பிள்ளை, கத்தோலிக்கம். முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருந்தாள். ஒரு நாள் சமையலறையில் உள்ளி உரித்தபடி சொன்னாள்:

"மாமா, எங்கட வேலையிடத்திலை ஒருத்திக்கு உங்களைப்போலத்தான் நாரி பிடிச்சுக் கிடந்தது. மாசி எண்ட இடத்திலை ஒரு கொரியன் மனிசி ஊசி குத்தித்தான் எழும்பினவ."

"என்ன மருந்து ஊசி?"

"மருந்து இல்லை மாமா. வெறும் ஊசி."

"வெறும் ஊசி குத்துறதெண்டால் இஞ்ச தையல்காரர் இல்லையோ?"

மகன் பத்திரிகையை மடக்கினான். "அப்பா, நீங்கள் ஆசுப்பத்திரிக் கடிதத்தைப் பாத்துக்கொண்டிருங்கோ. அது வரேக்கை நானும் பென்சன் எடுத்திடுவன்."

மருமகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. காரும் அன்றைக்குத்தான் வீட்டில் நிற்கும். எனவே வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அந்த முடிவில் பிழை இருப்பது யாருக்கும் அப்போது தெரியவில்லை.

மாசியில் ஒரு சாதாரண மரவீடு. அதன் கராஜைத்தான் சிகிச்சை அறை ஆக்கியிருந்தார்கள். கார் நின்ற இடத்தில் மூன்று கட்டில்கள், இடையில் பூப்போட்ட திரைச்சீலை. சுவரில் சட்டமிட்ட இரண்டு சான்றிதழ்கள். ஓர் எழுத்துத் தெரியாது. முத்திரையை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தேன். சிவப்பு மை ஒழுங்காகப் பதிந்திருந்தது, கோணலும் இல்லை. அந்த அளவுக்கு நம்பினேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். குள்ளம், கண்ணாடி நெற்றியில், கால்களில் கம்பளிச் செருப்பு. அவருடைய ஆங்கிலம் ஒரு வகை, என் ஆங்கிலம் வேறு வகை. என்னுடையது நீண்ட வாக்கியங்களில் ஓடும். அவருடையது வெட்டி வெட்டி வரும். ஆனாலும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம்.

கட்டிலில் படுக்கவைத்ததும் முதலில் கேட்டார்: "சாப்பிட்டீர்களா?"

"ஓம், நன்றி," என்றேன்.

இரு மணிக்கட்டிலும் விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாரியில் ஓரிடத்தை அழுத்தினார். நான் கத்திய சத்தத்தில் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் மன்னிப்புக் கேட்டார்.

"எத்தனை வருடம்?"

"இருபது."

"ம்."

"சுகமாக எத்தனை நாள் எடுக்கும்?"

"இருபது வருடம் பழுதாக்கினீர்கள். என்னிடம் நாள் கேட்கிறீர்கள்."

"எனக்காக அல்ல. அலுவலகத்துக்கு ஒரு திகதி வேண்டும்."

"வசந்தம் என்று எழுதுங்கள்."

"பருவகாலத்தை அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது, அம்மா."

"அப்படியானால் அலுவலகத்தை இங்கே கூட்டிவாருங்கள். அதற்கும் குத்துகிறேன்."

நான் விடவில்லை. சுகமானது என்பதற்கு அளவுகோலாவது என்ன என்று கேட்டேன். அவர் ஊசியைப் பஞ்சால் துடைத்தபடி யோசித்தார். "ஏதாவது கீழே விழும். நாரியிடம் அனுமதி கேட்காமல் குனிந்து எடுப்பீர்கள். அன்று சுகம். ஆனால் அன்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அது சுகம் இல்லை."

இதை எந்தப் படிவத்தில் எழுதுவது? வற்புறுத்தி ஒரு கடிதம் கேட்டு வாங்கினேன். தன் மொழியில் நான்கு வரி எழுதி, சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தார். அதற்கு நான் ஆங்கிலத்தில் முகப்புக் கடிதம் எழுதி இணைத்து அனுப்பினேன். பல வாரங்கள் கழித்துக் கொரியக் கடிதம் மட்டும் திரும்பி வந்தது. ஒரு வரி விளக்கம் இல்லை. என் கச்சேரியில் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் அவரிடம் விளக்கம் கேட்டிருப்பேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஊசிகள் எல்லாம் ஏறி முடிந்த நேரத்தில் கூரையில் இருந்த குழல்விளக்கு மெல்ல என்னைவிட்டுத் தூரப் போனது. பிறகு வியர்வை. பிறகு ஒன்றும் இல்லை. கண் திறந்தபோது அந்த அம்மா மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நகத்தால் அழுத்திக்கொண்டு, தன் மொழியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். என்னையாகத்தான் இருக்கும். இஞ்சியும் தேனும் கலந்த வெந்நீர் பருக்கினார்.

"உடம்பில் பலம் இல்லை," என்று தீர்ப்பளித்தார். "நான் நினைத்ததைவிட மோசம். மெதுவாகத்தான் போக வேண்டும்."

அதன் பிறகு மெதுவாகத்தான் போனோம். ஊசிகள் பாதியாகக் குறைந்தன, வைத்ததும் எடுத்துவிடுவார். மற்ற நேரமெல்லாம் நாரியின்மேல் காய்ந்த மூலிகைப் பஞ்சை உருட்டி வைத்துப் புகைத்தார். சூடு சுகமாக இருந்தது. வலி அதைப் பொருட்படுத்தவில்லை. மே போனது, ஜூன் போனது. வெளியே மழை. மருமகள் எனக்குக் காலுறை போட்டுவிட்டாள், மகன் சப்பாத்து நூல் கட்டினான். ஒருகாலத்தில் அவனுக்கு நான் கட்டியது. அவன் அதை நினைத்தானா தெரியாது. நான் நினைக்காமல் இருக்கச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்ப்பேன். அது இன்னும் மோசமான இடம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா கசாயத்தைப் பற்றிக் கதைத்தார். "மான் கொம்பு சேர்க்கலாம். பலம் வரும். விரைவு."

"நான் மரக்கறி மட்டும், அம்மா."

"இறைச்சி இல்லை. இளங்கொம்பு. இந்த நாட்டுப் பண்ணையில் வெட்டுகிறார்கள், எங்கள் நாடு வாங்குகிறது. மான் சாகாது. அடுத்த வருடம் மறுபடி முளைக்கும்."

"முளைக்கிறதெல்லாம் மரக்கறி ஆகிவிடாது."

அவர் சிரித்தார். "சரி. மான் இல்லை. அப்படியானால் இன்னும் மெதுவாக."

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புக்குத் தொலைபேசி எடுப்போம். இணைப்புக் கிடைத்ததும் மனைவியின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நாரி என்ன சொல்லுது?" ஏதோ வீட்டில் தங்கியிருக்கும் தூரத்துச் சொந்தத்தை விசாரிப்பதுபோல. "கவனத்தில் உள்ளது," என்பேன். அவள் சிரிப்பாள். வர வர அந்தச் சிரிப்புக் குறைந்துகொண்டு வந்தது. தமக்கை வீட்டில் மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவளுக்கு விறாந்தையில்தான் கட்டில். கொழும்பில் பொலிஸ் பதிவு, அடையாள அட்டைச் சோதனை. "எப்ப முடியுமெண்டு ஒரு திகதி சொல்லுங்கோ," என்றாள் ஒரு நாள். நான் அலுவலகத்திடமும், ஆசுப்பத்திரியிடமும், கொரியன் அம்மாவிடமும் கேட்ட அதே கேள்வி. வசந்தம் என்று சொன்னேன்.

"ஆரின்ரை வசந்தம்? அங்கத்தையோ, இஞ்சத்தையோ?" என்றாள். கொழும்பில் எந்த வசந்தம்?

ஜூலை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஒரு மழை. வழக்கமாக மருமகள் என்னை இறக்கிவிட்டுக் கடைக்குப் போவாள். அன்றைக்குக் குடையும் இல்லாததால் உள்ளே வந்து திரைச்சீலைக்கு அப்பால் கதிரையில் உட்கார்ந்தாள். நான் படுத்தேன். அந்த அம்மா வழக்கம்போலக் கேட்டார்:

"சாப்பிட்டீர்களா?"

"ஓம், நன்றி."

திரைச்சீலை விலகியது. "மாமா! எங்கை சாப்பிட்டனீங்கள்?"

"சும்மா இரு பிள்ளை."

"இண்டைக்கு வெள்ளியெல்லோ! விடியத் தலைமுழுகினது, பிறகு ஒரு பிளேன்டீ. வேறை என்ன இறங்கினது?" மருமகள் அந்த அம்மாவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இவர் வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் விரதம். பொழுதுபட்ட பிறகுதான் சாப்பிடுவார்."

அந்த அம்மா ஊசித் தட்டை மேசையில் வைத்தார். வைத்த விதத்தில் ஊசிகள் எல்லாம் ஒரு தரம் துள்ளின. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா?"

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

"நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் 'ஓம்' என்றார்."

நான் விளக்க முயன்றேன். எங்கள் ஊரில் "சாப்பிட்டாச்சோ" என்பது கேள்வி அல்ல. வாசலில் கண்டவரிடம் அதைத்தான் கேட்போம்; கேட்கப்பட்டவர் "ஓம்" என்பார். பட்டினியாக இருந்தாலும் "ஓம்" என்பார். இல்லை என்றால் கேட்டவர் அடுப்பு மூட்டவேண்டி வரும், இருவருக்கும் சங்கடம். அது பொய் அல்ல, மரியாதை.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "கொரியாவிலும் அப்படித்தான். எங்கள் ஊரிலும் அதுதான் வணக்கம். வாசலில் கேட்டால் வணக்கம். கட்டிலில் படுக்கவைத்துக் கேட்டால் மருத்துவம். வெறும் வயிற்றில் ஊசி குத்தினால் எருமை மாடும் மயங்கும். உங்களைப் பலவீனமான ஆள் என்று நினைத்து, மூன்று மாதம் பச்சைக்குழந்தைக்குக் குத்துவதுபோலக் குத்தினேன்."

அன்றைக்கு ஊசி இல்லை. சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். இல்லையென்றால் வரவேண்டாம் என்றார். வேறு கிழமைக்கு மாற்றக் கார் இல்லை. மாசிக்கு இரண்டு பஸ் மாறிப் போனால், போய்ச் சேரும்போது சிகிச்சை அளிக்க நாரி மிஞ்சாது.

நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு. அந்த விதி எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இது வழக்கமான விரதம் அல்ல. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மனைவி கையசைத்துக்கொண்டு நின்றபோது மனதுக்குள் வைத்த நேர்த்தி: அவள் பத்திரமாக வந்து சேரும்வரை வெள்ளிக்கிழமைப் பகலில் ஒரு பருக்கையும் தொடமாட்டேன். விலக்குக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று பார்த்தால், எனக்கில்லை. அதிகாரம் இல்லாதவன் கையெழுத்திட்டால் அது செல்லாது.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் விடயத்தைச் சொன்னேன்.

"எனக்காக விரதம் இருக்கச்சொல்லி நான் எப்ப கேட்டனான்?" என்றாள். "நான் இஞ்ச மூண்டு நேரமும் வடிவாச் சாப்பிடுறன். நீங்கள் அங்க பட்டினி கிடந்து மயங்கி விழுறியள். நல்ல நேர்த்தி!"

"வைச்ச நேர்த்தி வைச்சதுதானே."

"ஆருக்காக வைச்சது? எனக்காக. நான் சொல்லுறன், சாப்பிடுங்கோ. எழுத்திலை வேணுமெண்டால் எழுதி அனுப்புறன்."

"உமக்காகத்தான். ஆனால் முருகனுக்கு வைச்சது."

"அப்ப நான் முருகனிட்டையே நேரை போய்ச் சொல்லிப்போட்டு வாறன். ஒப்பந்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திட்டுது, சனமெல்லாம் போகுது. நல்லூர்த் தேருக்குப் போறன்."

"நீர் கொழும்பை விட்டு அசையக்கூடாது. பதில் எப்ப வருமெண்டு தெரியாது."

"இஞ்சேருங்கோ, உங்கட நாரி நிமிருமட்டும் அக்காவின்ரை விறாந்தையிலை என்னாலை காவல் இருக்கேலாது. தேர் முடியத் திரும்பிடுவன். வீட்டையும் ஒருக்காப் பாக்கவேணும். இந்த வெள்ளியிலையிருந்து நீங்கள் சாப்பிடுங்கோ. விளங்கிச்சோ?"

இணைப்பு அறுந்தது. விளங்கியது என்று நான் சொன்னது அங்கே கேட்டிருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை மருமகள் இடியப்பமும் சொதியும் வைத்தாள். எதிரில் உட்கார்ந்து, சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாகும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசியில் அந்த அம்மா கேள்வியை என்னிடம் கேட்கவில்லை, மருமகளிடம் கேட்டார். பிறகு மூன்று மாத நிலுவையையும் ஒரேயடியாகத் தீர்ப்பவர்போலக் குத்தினார். ஊசியை முறுக்கும்போது வலது காலுக்குள்ளால் மின்சாரம் ஓடிப் பெருவிரலில் வெளியேறியது. மயக்கம் வரவில்லை. மூன்று வாரத்தில் காலுறையை நானே போட்டேன். செப்டெம்பரில் வாய்க்கால் ஓரமாகக் கடைவரை நடந்து பால் வாங்கி வந்தேன். கடைக்காரரிடம் அதைச் சாதனை என்று சொல்லத் தோன்றியது. சில்லறையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வைத்தியர் மறுபடி பரிசோதித்தார். இரண்டு காலும் தூக்கின. உதவியின்றி எழும்பினேன். "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். ஊசி, மூலிகைப் புகை, இடியப்பம் என்று வரிசையாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஓய்வினால் குணமடைந்தார்" என்று எழுதினார். இம்முறை அவர் எழுத்தைத் தலைகீழாக வாசிக்க முடிந்தது. திருத்தச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு நன்றி சொல்லிவிட்டு எழும்பினேன். கொரியன் அம்மாவிடம் சொன்னபோது, "ஓய்வு யார்? எந்த வீதியில் இருக்கிறார்?" என்று கேட்டார்.

இவ்வளவு காலமும் அசையாத அலுவலகம் அந்த அறிக்கை போனதும் இரண்டே வாரத்தில் பதில் அனுப்பியது. இருவருக்கும் அனுமதி. மனைவி கொழும்பில் உரிய இடத்தில் கடவுச்சீட்டைக் கொடுத்தால் போதும். அன்றே யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதி, அனுமதியின் பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அவள் தேர் முடியத் திரும்பியிருக்கவில்லை. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்றிவிட்டு வருகிறேன் என்று தமக்கைக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். பதில் வராத வீட்டில் இருந்துகொண்டு அவள் வேறென்ன செய்வாள்? நான் கடிதம் தபாலில் போட்ட வாரத்தில்தான் அங்கே மறுபடி சண்டை தொடங்கியது. ஊரடங்கு. தபால் இல்லை. தொலைபேசியில் ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். மணியும் அல்ல, மௌனமும் அல்ல. கொழும்பில் தமக்கைக்கும் ஒன்றும் தெரியவில்லை. வானொலியில் நாங்கள் அறிந்த ஒழுங்கைகளின் பெயர்கள் வந்தன. நான் சர்வதேச நிவாரண நிறுவனங்களுக்கு எழுதினேன், தூதரகத்துக்கு எழுதினேன், கொழும்பில் என்னிடம் வேலை பழகிய இரண்டு பேருக்கு எழுதினேன். எல்லாம் இலக்கமிட்டு, பிரதி வைத்து, முறைப்படி. ஒன்றுக்கும் இடைக்காலப் பதில்கூட வரவில்லை.

அந்த மாதங்களில் வெள்ளிக்கிழமைகள்தான் கடினம். மருமகள் கோப்பையை முன்னால் வைப்பாள். நான் அதைத் தள்ளிவைக்கப் பார்ப்பேன். ஆனால் மனைவி கடைசியாகச் சொன்னது சாப்பிடச்சொல்லித்தான். எழுத்தில் இல்லாவிட்டாலும் அது செல்லுபடியான உத்தரவு. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அதற்கு முன்னர் நான் இருந்த விரதம் எதுவும் இவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

மாசிக்குப் போவதையும் நிறுத்தவில்லை. மார்கழியில் ஒரு நாள் அந்த அம்மா நாரியை அழுத்தினார்.

"வலி?"

"இல்லை."

"கால்?"

"நல்லது."

"அப்படியானால் ஏன் வருகிறீர்கள்?"

மருமகள் கதிரையில் இருந்து மெதுவாக விடயத்தைச் சொன்னாள். அந்த அம்மா ஊசித் தட்டை மூடிவைத்தார். மின்போர்வையைப் போட்டு, மேலே இன்னொரு போர்வை போர்த்தினார்.

"எனக்கு அக்கா ஒருவர்," என்றார், திரைச்சீலையை இழுத்தபடி. "வடக்கில் நின்றுவிட்டார். நான் சின்னப் பிள்ளை, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தெற்கே வந்தார். அக்கா அடுத்த நாள் வருவதாக இருந்தது. பிறகு எல்லையை மூடினார்கள். கடிதம் போகாது. வராது."

"இன்னும் எதிர்பார்க்கிறீர்களா?"

"எனக்கு யாராவது திகதி சொன்னால் நிறுத்திவிடுவேன்." போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டார். "படுத்திருங்கள். அடுத்த ஆள் வரும்வரை கட்டில் சும்மாதான் கிடக்கிறது."

அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஊசியும் குத்தவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வெறுமனே படுத்துவிட்டு வந்தேன்.

பொங்கல் வந்தது. மருமகள் தானாகவே பொங்கினாள். தேங்காய் உடைக்கவும் தெரிந்து வைத்திருந்தாள். அவளுடைய கோயிலிலும் பொங்குவார்களாம். ஆக்லாந்தில் அது நடுக்கோடை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை முற்பகல், மாசிக்குப் புறப்படக் காருக்கு அருகில் நின்றேன். தபால்காரன் பெட்டிக்குள் திணித்தவற்றில் ஒன்று நழுவிப் புல்லில் விழுந்தது. நீல நிற வான்கடிதம். கொழும்பு முத்திரை, யாரோ யாழ்ப்பாணத்திலிருந்து கையில் கொண்டுபோய்ப் போட்டிருக்க வேண்டும். கையெழுத்து அவளுடையது. புல்லிலிருந்து குனிந்தெடுத்து, நின்ற இடத்திலேயே ஓரத்தைக் கிழித்தேன்.

"தங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது," என்று எழுதியிருந்தாள். "விடயம் கவனத்தில் உள்ளது. புதுக் கூரை போய்விட்டது. நான் இருக்கிறேன். பாதை திறந்ததும் கொழும்புக்கு வருவேன். முருகனிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அவருக்கு ஆட்சேபனை இல்லை. இது இடைக்காலப் பதில். முழுப் பதில் நேரில்."

மருமகள் காருக்குள்ளிருந்து, "மாமா, என்ன? மாமா!" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தேன். கடிதத்தின் வலது மேல்மூலையில், முப்பது வருடப் பழக்கத்தின்படி, கிடைத்த நாளைக் குறித்தேன்: 1988 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை.